வயதைச் சரிசெய்ததும் இறப்பு விகிதம் தலைகீழாகிறதே, ஏன்?

கேள்வி:
பயிற்சிக் கணக்கு ஒன்று. ஆயிரம் பேருக்கு 'அ' பகுதியில் 9.6 இறப்பு, 'ஆ' பகுதியில் 5.35. 'ஆ'தான் ஆரோக்கியமான இடம் என்று எழுதப் போனேன். வயதைச் சரிசெய்தால் 5.8, 7.7 என்று வருகிறது. எதை நம்புவது?

பதில்:
முதலில் வயதுவாரி விகிதத்தைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். இறப்புப் பதிவுகளோடு மாரடிக்கிறவன் என்பதால் யாரிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன்.

உங்கள் கணக்கில் 65 வயதுக்குக் கீழே 'அ'வில் ஆயிரத்துக்கு 2, 'ஆ'வில் 3. அதற்கு மேலே 40, 50. எந்த வயதை எடுத்தாலும் 'ஆ'வில்தான் சாவு அதிகம். ஆனால் 'அ'வில் முதியவர்கள் 20 சதவீதம், 'ஆ'வில் வெறும் 5. கச்சா விகிதத்தை, அதாவது வயதைப் பார்க்காமல் மொத்தமாகக் கணக்கிட்ட 9.6ஐ, ஏற்றிவிட்டது அந்த முதியவர் கூட்டம்தான்.

இரண்டு இடத்துக்கும் ஒரே வயது அமைப்பு இருந்தால் என்ன ஆகும்? 65க்குக் கீழே 90 சதவீதம், மேலே 10 சதவீதம் என்று வையுங்கள். 'அ': 1.8 + 4 = 5.8. 'ஆ': 2.7 + 5 = 7.7. அந்த 90-10தான் நியம மக்கள்தொகை. 5.8 என்பது எங்கேயும் நடந்த சாவுக் கணக்கு இல்லை, ஒப்பிட மட்டுமே உதவும். எத்தனை படுக்கை வேண்டும் என்று திட்டமிட 9.6தான் வேண்டும். தயவுசெய்து இரண்டையும் அறிக்கையில் போடுங்கள்.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. அப்படியானால் 90-10க்குப் பதில் நானே வேறொன்றை வைத்துக்கொள்ளலாமா?

இன்னொருவர்:
வைக்கலாம், ஆனால் எண் மாறும். 1976 ஐரோப்பிய நியமத்தில் 65 தாண்டியவர்கள் 11 சதவீதம், 2013இல் திருத்தியதில் 19.5. பழையதில் கணக்கிட்டதைப் புதியதன் பக்கத்தில் வைத்தால், திடீரென்று சாவு கூடியது போலத் தெரியும்.

முதலில் பதில் சொன்னவர்:
அமெரிக்காவிலும் இதே கதைதான். 1940 மக்கள்தொகையை நியமமாக வைத்திருந்தவர்கள், 1999ஆம் ஆண்டுத் தரவு முதல் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகையை நியமமாக வைத்தார்கள். 1940 இளமையான மக்கள்தொகை. மாற்றியதும் விகிதங்கள் உயர்ந்தன, கூடுதலாக ஒருவரும் சாகவில்லை. பழைய ஆண்டுகளையும் புதிய நியமத்தில் மறுபடி கணக்கிட்ட பிறகே ஒரே வரைபடத்தில் போட வேண்டும்.

அப்புறம், உலக அளவில் ஒப்பிடுவதாக இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் நியமத்தை எடுங்கள். எதை எடுத்தாலும் அட்டவணைக்குக் கீழே அதன் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். அது இல்லாத அட்டவணையை நான் ஒப்பீட்டுக்கு எடுப்பதே இல்லை.