கேரட் கழுவும் ஷெட்டில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடுகிறது, கூடவே இன்னும் சில தொல்லைகள்

கேத்திப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஒரு குறும்படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் இரண்டு நிமிஷத்துக்குள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதோடு எப்படி எடுத்தேன், எங்கே சறுக்கினேன் என்று நாலு பக்கம் எழுதவும் வேண்டும். சறுக்கலுக்குப் பஞ்சமே இல்லை.

கதை சின்னது. கேரட் கழுவும் ஷெட்டில் ராத்திரி வேலை பார்க்கிற அப்பா, அன்றைக்குக் காலையில் பரீட்சைக்குப் போகிற மகள். படத்தின் பெயர் 'வெந்நீர்'. தோழியின் அப்பாவே நடித்தார், அவருடைய வேலையே அதுதான். மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும் என்பதால் ஷெட்டில் வேலை நடப்பதே நடுராத்திரிக்கு மேல்தான். நாங்களும் 2 மணிக்குப் போய் 4 மணிக்குள் எடுத்து முடித்தோம். போன் கேமரா, விநாடிக்கு 30 பிரேம், எல்லாமே ஆட்டோ. மொத்தம் 14 ஷாட்.

ஷெட் ஷாட் எல்லாவற்றிலும் கறுப்புப் பட்டை ஒன்று கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே இருக்கிறது. எடுக்கும்போது போனில் சரியாகத் தெரியவில்லை, கம்ப்யூட்டரில் போட்டால் கண் வலிக்கிறது. அங்கிருந்து நேராக அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் போய் எடுத்ததில் 9, 10-ஆவது ஷாட் இரண்டும் கலங்கல். 11 பரவாயில்லை, 12 பளிச்சென்று இருக்கிறது. போகஸ் போய்விட்டதா? வெளியே எடுத்த மூடுபனி ஷாட்கள் ஒன்றோடொன்று ஒட்டவே மாட்டேன் என்கின்றன. டைட்டிலில் 'வெ' எழுத்தின் கொம்பு வ-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

இதெல்லாம் போக, மிஸ் பார்த்துவிட்டு, "டூரிஸ்ட் வீடியோ மாதிரி இருக்கும்மா" என்றார்கள். அதுதான் ரொம்ப வலிக்கிறது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. உதவுங்கள்.

பழைய லைட்மேன்:

பட்டைக்குக் காரணம் உங்கள் போன் இல்லை, கரண்ட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 தடவை பிரகாசமாகி மங்கும். கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சார் படத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் வரி வரியாக வாசிப்பதால், விளக்கு மங்குகிற நேரத்தில் வாசித்த வரிகள் இருட்டாக விழும். அந்த இருட்டு வரிகள்தான் உங்கள் பட்டை.

தீர்வு ஷட்டரில், அதாவது ஒரு பிரேமுக்குக் கேமரா வெளிச்சம் வாங்குகிற நேரத்தில், இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே வைக்கிற ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டுங்கள். 1/50 விநாடிக்குள் விளக்கு சரியாக இரண்டு முறை மின்னும், 1/100-க்குள் ஒரு முறை. எந்த வரியை எப்போது வாசித்தாலும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். ஆட்டோவில் 1/60 எடுத்திருக்கும், அதில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல் மின்னல்தான் அடங்கும். அதுதான் வம்பு. 30 பிரேமில் எடுத்தாலும் 1/50 வைக்கலாம், தப்பில்லை.

கேத்திப் பொண்ணு:

நன்றி அண்ணா! திரும்ப எடுக்க ஷெட் முதலாளி விடுவாரா தெரியவில்லை. எடுத்ததைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

எடிட் டேபிள்:

காசு கொடுத்து வாங்கும் எடிட்டிங் மென்பொருள்களில் இதற்கென்றே எபெக்ட் உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் ஒரு நாட்டு வைத்தியம்.

30 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்கு மூன்றே கால் மின்னலுக்குச் சற்று மேல் வரும் (100-ஐ 30-ஆல் வகுத்துப் பாருங்கள்). அதனால் பட்டை மூன்று பிரேமுக்கு ஒரு தடவை பழைய இடத்துக்கே திரும்பும். அந்த மூன்று பிரேமையும் கலந்துவிட்டால் பட்டை பட்டையையே அழித்துக்கொள்ளும். ஒரே கிளிப்பை மூன்று அடுக்காக வையுங்கள். அடியில் உள்ளதற்கு ஒபாசிட்டி, அதாவது அடுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவு, 100 சதவீதம். அதன் மேல் ஒரு பிரேம் தள்ளி 50 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு பிரேம் தள்ளி 33 சதவீதம். மூன்றும் சமமாகக் கலக்கும்.

இதில் ஒரு குறை, அசைகிற எதுவும் மூன்று நிழலாகத் தெரியும். சுற்றுகிற டிரம்மில் கேரட் உருள்கிற ஷாட்டுக்கு ஆகாது, குழம்பாகிவிடும். அடுக்கி வைத்த மூட்டை, ஈரச் சிமெண்ட் தரை, சும்மா தொங்குகிற பல்பு மாதிரி அசையாத ஷாட் என்றால் அருமையாக வேலை செய்யும். போன் சில சமயம் பிரேம் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும், அதனால் முதலில் ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் போட்டு மாறாத 30-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டைட்டிலுக்கு மெனக்கெட வேண்டாம். மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்க்ஸ்கேப் என்கிற இலவச வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து ஒட்டிவிடுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துரு வேண்டாம், யூனிகோடு எழுத்துரு போதும்.

கோத்தகிரி கல்யாண கேமரா:

9, 10 கலங்கலுக்குக் காரணம் போகஸ் இல்லை தங்கச்சி. லென்ஸ் வேர்த்திருக்கிறது. டிசம்பர் ராத்திரி ரெண்டு மணி நேரம் ஷெட்டில் விறைத்துப்போன போனை, அடுப்பெரிகிற, தண்ணீர் கொதிக்கிற அறைக்குள் கொண்டுபோனால் ஆவி போய் கண்ணாடியில் உட்காராமல் என்ன செய்யும்? நேரம் ஆக ஆகப் போன் சூடாகி, தானாகத் தெளிந்திருக்கிறது. அதனால்தான் 11 சுமார், 12 பளிச். போகஸ் போயிருந்தால் இப்படி வரிசையாகத் தெளியாது. கிளிப்பில் விளக்கைச் சுற்றிப் பெரிய வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சந்தேகமே இல்லை.

நான் கோத்தகிரியில் கல்யாணம் எடுத்து 15 வருஷமாகிறது. மண்டபத்துக்கு வெளியே மாப்பிள்ளை அழைப்பு, உடனே உள்ளே சமையல் கட்டு. முதல் வருஷம் எல்லா ஆல்பத்திலும் சமையல்காரர் சொர்க்கத்தில் நிற்கிற மாதிரி இருப்பார்.

வெளியே குளிரில் இருக்கும்போதே போனைக் காற்றுப் புகாத ஒன்றில் மூடுங்கள், அப்புறம் உள்ளே போங்கள். இருபது நிமிஷம் பொறுத்துத் திறந்தால் ஒன்றும் ஆகாது. நெட்டில் ஜிப் கவர் என்று எழுதியிருப்பார்கள், பிளாஸ்டிக்குக்குத் தடை போட்ட நம் மாவட்டத்தில் கவருக்கு எங்கே போவது? இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் டிபன் டப்பா போதும். அவசரத்தில் ஸ்வெட்டர் நுனியால் துடைக்காதீர்கள், எண்ணெய் தடவினது போல் ஆகிவிடும்.

மூடுபனிக்கு: ஒட்டாதது பனியின் குற்றம் இல்லை, ஆட்டோவின் குற்றம். பளீரென்ற வெள்ளையைக் கண்டால் கேமரா பயந்துபோய்ச் சாம்பலாக்கும். நடுவில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் வந்தால் திரும்ப வெளுக்கும். எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) ஒரு படி ஏற்றிப் பூட்டுங்கள், வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) 5600-இல் நிறுத்துங்கள். இன்னொன்று, மூன்று நாலு அடி தூரத்தில் பனி கேமராவுக்குத் தெரியவே தெரியாது. அதனால் குளோசப்பை எந்த மேகமூட்டமான பகலிலும் எடுத்துக்கொள்ளலாம். பனி வரும் நேரத்தைத் தூரத்து ஷாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேரக்காய்:

எல்லோரும் மெஷினையே பேசுகிறீர்கள். மிஸ் சொன்னதை யாரும் தொடவில்லை. 14 ஷாட்டையும் வரிசையாக எழுதுங்கள், பார்ப்போம்.

கேத்திப் பொண்ணு:

1 தொட்டபெட்டாவில் சூரிய உதயம். 2 ஏரி. 3 தேயிலைத் தோட்டம். 4 மலை ரயில், லவ்டேல் வளைவில். 5 பனியில் பைன் மரம். 6, 7, 8 ஷெட். 9 அடுப்பு. 10 அண்டாவில் வெந்நீர். 11 அப்பாவுக்கு மகள் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். 12 அவள் முகம். 13 பரீட்சை அட்டையும் பேனாவும். 14 கதவு. டைட்டில்.

மேரக்காய்:

11 என்ன? மகள் எதற்கு அப்பாவுக்குப் பொத்தான் போடுகிறாள்?

கேத்திப் பொண்ணு:

அது திட்டத்திலேயே இல்லை. ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் கேரட் அலசி அவர் விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது. வேற சட்டை மாற்றச் சொன்னோம். பொத்தானைப் பிடிக்கவே முடியவில்லை. ரெண்டு தடவை நழுவியது. தோழி வந்து, எதுவும் பேசாமல், மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். தினமும் நடக்கிறதுதான் போல. நான் சும்மா ரெக்கார்டை அழுத்தினேன்.

மேரக்காய்:

உங்கள் படம் அங்கே ஆரம்பிக்கிறது. முதல் ஐந்து ஷாட் எவ்வளவு நேரம்?

கேத்திப் பொண்ணு:

52 விநாடி.

மேரக்காய்:

ஒரு மனுஷர்கூட வராத 52 விநாடி. தூக்குங்கள். இன்னொன்று, மலை ரயிலை எங்கே நின்று எடுத்தீர்கள்? ரயில்வே இடத்துக்குள் படப்பிடிப்பு என்றால் அனுமதி வாங்க வேண்டும், அது மாணவர் வேலையானாலும் சரி. அடுத்து ட்ரோன் ஆசை வரும். வெலிங்டன் பக்கம் ராணுவம், அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. நினைக்கவே வேண்டாம்.

எடிட் டேபிள்:

11-ஐ முதலில் வைப்பது சரி. ஆனால் படத்துக்கு முன்னால் சத்தம் வரட்டும். திரை இருட்டாக இருக்கும்போதே டிரம் சுற்றுகிற இரைச்சல், தண்ணீர் அடிக்கிற சத்தம். சட்டென்று நிறுத்தி, அமைதியில் பொத்தான். ஷெட்டில் சத்தத்தை மட்டும் தனியாக ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுப்படியில் யாரும் பேசாத முப்பது விநாடியும் வேண்டும், வெட்டு ஒட்டுக்கு உதவும்.

கேத்திப் பொண்ணு (ஆறு நாள் கழித்து):

முதலாளி விட்டார், ஒரே ஒரு ராத்திரி. ஷட்டர் 1/50, பட்டை போயே போய்விட்டது. நடுவில் கரண்ட் போய் டீசல் ஜெனரேட்டர் போட்டார்கள். அந்த ஒரு கிளிப்பில் மட்டும் லேசாகத் திரும்ப ஊர்கிறது.

பழைய லைட்மேன்:

ஜெனரேட்டர் லோடுக்கு ஏற்ப ஏறி இறங்கும், சரியாக 50-இல் நிற்காது. அந்தக் கிளிப்பை விடுங்கள்.

கேத்திப் பொண்ணு:

விட்டுவிட்டேன். டிபன் டப்பா வேலை செய்தது, ஆனால் போனில் எலுமிச்சை சாத வாசம். 11-ஐத் திரும்ப எடுக்கப் பார்த்தோம். தோழி இந்த முறை சிரித்துவிட்டாள், அவள் அப்பா கேமராவைப் பார்த்தார். அதனால் பழைய கிளிப்பையே, லேசான கலங்கலோடு, வைத்துவிட்டேன். இப்போது மொத்தம் 1 நிமிஷம் 38 விநாடி. மூன்றாவது பொத்தானைப் போடும்போது டைட்டில் வருகிறது.

நாலு பக்கத்தில் மூன்று பக்கம் அந்த 52 விநாடியைப் பற்றியே எழுதினேன். எங்கள் வீட்டில் யாரும் தொட்டபெட்டாவில் சூரிய உதயம் பார்த்தது கிடையாது. அந்த நேரத்துக்குக் குழாயில் தண்ணீர் வரும், குடத்தோடு நிற்போம். பிறகு ஏன் அதை முதல் ஷாட்டாக வைத்தேன் என்று யோசித்தால், ஊட்டி என்றால் மற்ற ஊர்க்காரர்கள் எதை எதிர்பார்ப்பார்களோ அதை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் நம் கதையைச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன். அனுமதி கேட்கிற மாதிரி. மிஸ் அந்தப் பத்தியில் மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். நல்ல கோடா கெட்ட கோடா தெரியவில்லை, திங்கட்கிழமைதான் கேட்க வேண்டும்.

கோத்தகிரி கல்யாண கேமரா:

அது இருக்கட்டும், அந்த அப்பாவுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தீர்களா?

கேத்திப் பொண்ணு:

அவர்தான் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார் அண்ணா. போகும்போது ஆளுக்கு ஒரு பை கேரட்டும்.