1992 நாஸ்கார்: இரண்டு வெற்றி எடுத்த குல்விக்கி, ஐந்து வெற்றி எடுத்த எலியட்டை முந்தியது எப்படி?

களுவாஞ்சிகுடி ரேஸ்:
நாஸ்கார் எண்ட அமெரிக்க ஸ்டொக் கார் (சாதாரணக் கார் உருவில செய்த ரேஸ் கார்) ஓட்டத்தைப் பற்றி விளங்கினவங்க இருந்தா சொல்லுங்க. 1992 கடைசிப் போட்டி அட்லாண்டாவில. அதை வென்றது பில் எலியட். அந்த வருசம் அவருக்கு 5 வெற்றி, அலன் குல்விக்கிக்கு 2 மட்டும்தான். ஆனா சம்பியன் குல்விக்கி, வித்தியாசம் வெறும் 10 புள்ளி. கணக்கு எங்க மாறுது? எங்கட பக்கம் தொடராக நடத்தப்போற சைக்கிள் ஓட்டத்துக்கும் இந்தப் புள்ளி முறை சரிவருமா எண்டும் அறிய வேணும்.

கல்லடி 48:
தம்பி, முதல்ல அட்டவணை. அப்போ வென்றவருக்கு 175 புள்ளி. ஆறாம் இடம் வரை இடத்துக்கு 5 குறையும் (170, 165, 160, 155, 150). ஏழிலிருந்து பதினொன்று வரை 4 குறையும், அதுக்குக் கீழே 3. ஒரு சுற்றையாவது முன்னால் நின்று முடித்தால் மேலதிகமாக 5. ஆகக் கூடிய சுற்றுகளை முன்னால் ஓடியவருக்கு இன்னும் 5. முழு விடையும் இந்தக் கடைசி ஐந்துக்குள்ளதான் கிடக்கு.

அட்லாண்டாவுக்கு வரும்போது டேவி அலிசன் 3928, குல்விக்கி 3898, எலியட் 3888. பட்டத்துக்கு அலிசன் ஐந்தாவதாக வந்தாலே போதும். ஆனால் 254ஆவது சுற்றில் எர்னி எர்வனின் கார் கட்டுப்பாடு இழந்து குறுக்கே வர, அலிசன் அதில் மோதினார். மறுகா போட்டி இரண்டு பேருக்குள்ள.

மொத்தம் 328 சுற்று. குல்விக்கி 103 சுற்று முன்னால், எலியட் 102. எலியட் வென்றார்: 175 + 5 = 180. குல்விக்கி இரண்டாவது: 170 + 5 + 5 = 180. பழைய 10 புள்ளி இடைவெளி அப்படியே நின்றது, 4078க்கு 4068.

அந்த ஒரு சுற்று மாறி எலியட்டுக்கு 103, குல்விக்கிக்கு 102 என்று இருந்தால் எலியட் 3888 + 185 = 4073, குல்விக்கி 3898 + 175 = 4073. சமன். சமன் வந்தால் வெற்றி கூடியவருக்குத்தான் பட்டம், அதாவது எலியட்டுக்கு.

அக்கரைப்பற்று கராஜ்:
கல்லடி அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் அது தற்செயலாக விழுந்ததில்லை. ஓட்டம் நடக்கும்போதே பிட்டில் (கார் நின்று பெற்றோல் அடித்து டயர் மாற்றும் இடம்) குல்விக்கியின் தலைமை மெக்கானிக் போல் அன்ட்ரூஸும் ஆட்களும் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தாங்க. மிச்சச் சுற்று முழுவதையும் எலியட்டே முன்னால் ஓடினாலும் எட்ட முடியாத எண்ணிக்கை கையில் வரும்வரை குல்விக்கியைப் பாதையிலேயே ஓட விட்டு, அதுக்குப் பிறகுதான் பிட்டுக்குக் கூப்பிட்டாங்க. டயர் மாற்றவில்லை, பெற்றோல் மட்டும்.

ஏன் அவசரம்? முதல் பிட் நிறுத்தத்திலேயே முதல் கியர் உடைந்துவிட்டது. நின்ற காரை மேல் கியரில் கிளப்பினால் கிளட்ச் வழுக்கும், எஞ்சின் அணைந்துபோகவும் இடமுண்டு. ஆட்கள் பின்னால் தள்ளித்தான் வெளியேற்ற வேணும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வினாடிகள் போகும். அவசரத்தில் பெற்றோலும் முழுக்க இறங்கவில்லை. அந்தக் கால டாங்கி 22 கலன், 11 கலன் கேன் இரண்டு ஊற்ற வேணும். அதனால் கடைசிச் சுற்றுகளில் எலியட்டைத் துரத்தாமல் பெற்றோலை மிச்சம் பிடித்து ஓடினார். இரண்டாம் இடமே போதும் என்று தெரிந்தவர் செய்கிற வேலை அது.

தூரத்தையும் நினைத்துப் பாருங்க: 1.522 மைல் சுற்று 328 தரம், கிட்டத்தட்ட 800 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போய் வந்து, மறுபடி பாதி வழி போகிற அளவு. முதல் கியர் இல்லாமல்.

சம்மாந்துறை வாசகன்:
குல்விக்கியின் பின்னணியையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். விஸ்கொன்சின் மாநிலத்துக்காரர், இயந்திரப் பொறியியல் பட்டதாரி. 1986இல் ஒரு காரும் இரண்டு எஞ்சினும் முழுநேர ஆட்கள் இரண்டு பேரும்தான், அந்த ஆண்டே சிறந்த புதுமுகம். அணிக்குச் சொந்தக்காரரும் அவர்தான், காரின் செட்டிங்கையும் அவரே தீர்மானிப்பார். இன்னொரு அணியின் சொந்தக்காரர் ஜூனியர் ஜோன்சன் பெரிய தொகை பேசிக் கூப்பிட்டும் போகவில்லை. 1992இல் எலியட் ஓட்டியது அதே ஜோன்சனின் காரை.

சொந்த அணியில் பணம் குறைவு, கார் உடைந்தால் இழப்பும் தன்னுடையது. இந்த நிலையில் இருப்பவருக்கு இந்தப் புள்ளி அட்டவணை பொருந்தும், ஏனென்றால் வெற்றிக்கும் இரண்டாம் இடத்துக்கும் 5தான் வித்தியாசம். செப்டெம்பரில் டோவர் போட்டியில் விபத்து, ஆறு போட்டி மிச்சம் இருக்க எலியட்டை விட 278 புள்ளி பின்னால். எலியட்டின் கார் அடுத்தடுத்துப் பழுதாக, இவர் ஒரு வெற்றியும் இல்லாமலே இடங்களைச் சேர்த்து ஏறி வந்தார். இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

அட்லாண்டாவில் அவர் ஓட்டிய போர்ட் தண்டர்பேர்டின் முன் பம்பரில் ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை (TH) எடுத்து 'அண்டர்பேர்ட்' ஆக்கியிருந்தார், வெல்ல வாய்ப்புக் குறைந்தவரைச் சொல்லும் 'அண்டர்டோக்' போல. 1988இல் பீனிக்ஸில் முதல் வெற்றிக்குப் பிறகு பாதையை எதிர்த்திசையில் சுற்றினார். சாரதி இருக்கை இடப்பக்கம் என்பதால், அப்படிச் சுற்றினால்தான் யன்னல் பார்வையாளர் பக்கம் வரும், கை காட்டலாம்.

1993 ஏப்ரல் 1ஆம் திகதி பிரிஸ்டல் போட்டிக்குப் போகும்போது விமான விபத்தில் காலமானார், வயது 38. அதே ஜூலையில் அலிசன் ஹெலிகொப்டர் விபத்தில். 2019இல் இரண்டு பேரும் ஒன்றாகவே நாஸ்கார் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டாங்க. அவங்களோடு இன்னொரு ஓட்டுநர் ஜெஃப் கோர்டனும். அட்லாண்டாவின் அந்தப் போட்டிதான் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் கோர்டனின் முதல் ஓட்டம், மூத்த ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் கடைசி ஓட்டம்.

கல்லடி 48:
தம்பியின் சைக்கிள் கேள்விக்கு: அட்டவணையை அப்படியே எடுக்காதீங்க. 20 பேர் ஓடினால் கடைசி ஆளுக்கே 103 கிடைக்கும், வராதவருக்கு 0. ஒரு ஓட்டத்துக்கு வராமல் விடுவது கடைசியாக வருவதை விட மோசமாகிவிடும். காய்ச்சலில் கிடந்தவனின் ஆண்டே போய்விடும். ஒவ்வொருவருக்கும் ஆகக் குறைந்த ஒரு ஓட்டத்தைக் கழித்து விடுங்க.

முன்னால் ஓடுவதற்கான புள்ளி வைப்பதானால், கோட்டில் ஒருவர் நின்று ஒவ்வொரு சுற்றிலும் முதலில் கடக்கும் இலக்கத்தை எழுத வேணும். நாஸ்காரிலும் கோட்டைக் கடக்கும்போது முன்னால் இருப்பவருக்குத்தான் அந்தச் சுற்று. நடுவழியில் முந்தியது கணக்கில்லை. சமன் வந்தால் யாருக்கு என்பதை முதல் ஓட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்க.

களுவாஞ்சிகுடி ரேஸ்:
ஓம் அண்ணன், கோட்டில நிக்க ரெண்டு பேரைப் போடுறம், ஒருத்தர் எழுத மற்றவர் சரிபார்க்க.