மூன்று சக்கர வண்டி: பின் பிரேக் அடிவரை போகிறது

கேள்வி (பர்மாவின் பெகுவிலிருந்து):
125 சிசி பைக்கின் பின்பக்கத்தை வெட்டி, இரட்டைச் சக்கர அச்சு வைத்து நெல் மூட்டை ஏற்றுகிறேன். இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் (மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது) பழைய பைக்கினுடையதே. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது. பிரேக் குழாயிலிருந்து மூன்று முறை காற்று எடுத்துவிட்டேன். நேற்று சந்தை வாசலில் ஒரு அம்மா கூடையோடு குறுக்கே வந்தார். ஒரு முழம் தள்ளி நின்றது. கை நடுக்கம் இன்னும் போகவில்லை.

பதில்:
அண்ணே, முதலில் வண்டியை ஓட்டாதீங்க. காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழேயா? இடது வலது மாற்றி மாட்டினால் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும், எத்தனை முறை எடுத்தாலும் வராது.

இன்னொரு பதில்:
தம்பி சொல்வது சரி. ஆனால் ஒரு காலிப்பருக்கான சிலிண்டர் இரண்டுக்கும் எண்ணெய் தள்ளப் போதாது. விட்டம் பெரியதாகப் போடணும். மிதி கொஞ்சம் கனக்கும், பழகிவிடும். பிரேக் எண்ணெய் புது டப்பாவாக இருக்கட்டும். திறந்து கிடந்தது மழைக்கால ஈரத்தை இழுத்திருக்கும்.

கேட்டவர்:
நிப்பிள் கீழேதான் இருந்தது! இடம் மாற்றி மாட்டிக் காற்று எடுத்தேன். குழாயில் குமிழ் குமிழாக வந்தது. பெடல் இப்போது பாதியில் நிற்கிறது. பெரிய சிலிண்டர் தேடுகிறேன். அதுவரை மூட்டை ஏற்ற மாட்டேன்.