144 சம்பவங்களில் ஒன்றுக்குத்தான் விடை கிடைத்தது என்றால், மீதியை மறைக்கிறார்களா?

மாடித்தோட்டம்:
பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஒரு வாரமாகப் பறக்கும் தட்டுப் பேச்சாகவே இருக்கிறான். 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறைத் தலைமை வெளியிட்ட அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினான். வானில் என்னவென்று விளங்காத பொருள்கள் தெரிந்த 144 சம்பவங்கள், காற்று இறங்கிய பெரிய பலூன் என்று ஒன்றுக்கு மட்டும் விடை. "143 விஷயங்களை மறைக்கிறார்கள், அம்மா" என்கிறான். விடை தெரியவில்லை என்பதும் மறைப்பதும் ஒன்றா? அந்த நாட்டில் இதையெல்லாம் யார் தட்டிக் கேட்க முடியும்? அவனுக்குச் சரியான பதில் சொல்ல விரும்புகிறேன்.

கணக்கு வாத்தியார்:
இரண்டும் ஒன்றல்ல. 2020 ஏப்ரலில் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, முறைப்படி வெளியிட்ட, கடற்படை விமானங்களிலிருந்து எடுத்த மூன்று காணொளிகளில் 'கோஃபாஸ்ட்' என்பதைப் பாருங்கள். கடலை ஒட்டி ஏதோ சீறிப் பாய்வதுபோல் இருக்கும். விமானம் 25,000 அடி உயரத்தில் பறக்கிறது; கேமராவின் கோணமும் பொருளின் தூரமும் திரையிலேயே தெரிகின்றன. அவற்றைக் கொண்டு நாசா குழு 2023இல் கணக்கிட்டபோது, பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில், மணிக்கு 40 மைல் வேகத்தில் நகர்ந்தது தெரிந்தது. பிளஸ் ஒன் முக்கோணவியல் போதும். தம்பியையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்கள் வெளியே இருந்ததால்தான் அந்தக் கணக்கைப் போட முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதிவறை:
அம்மா, நான் 31 ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்தவன். முடிந்த கோப்பை எத்தனை காலம் வைத்திருப்பது என்பதற்கு வகைகள் உண்டு: எல்.டிஸ். கோப்பு என்றால் ஓராண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். காலம் முடிந்த கோப்பை அழிக்கும்போது, யார் உத்தரவில், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். நான் பொறுப்பேற்ற வாரத்தில் அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட எண்கள் வரிசையாக இருந்தன. கையெழுத்துக் கட்டம் காலி. அவற்றில் ஒன்று ஒரு கிழவியின் பட்டா மேல்முறையீடு. அவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் "இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். எப்படி இல்லாமல் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் ராஸ்வெல் ஊருக்கு அருகே 1947இல் பறக்கும் தட்டு விழுந்ததாகச் சொல்லப்படும் விவகாரத்தைப் படித்தபோது அந்தக் காலிக் கட்டம்தான் கண்முன் வந்தது. அந்தச் சம்பவம் பற்றி, ஓர் உறுப்பினர் கேட்டதன்பேரில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் பதிவேடுகளைத் தேடி 1995இல் அறிக்கை கொடுத்தது. ராஸ்வெல்லில் இருந்த ராணுவ விமானத்தளத்திலிருந்து 1946 அக்டோபர் முதல் 1949 டிசம்பர் வரை வெளியே சென்ற செய்திகள் அழிக்கப்பட்டிருந்தன. யார் அழித்தார், எப்போது, எந்த அதிகாரத்தில் என்பது படிவத்தில் இல்லை. வேற்றுக்கிரகவாசிகளை மறைக்கத்தான் அழித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள், அதன்பின் யார் என்ன சொன்னாலும் நம்ப வைத்துவிட்டார்கள்.

மறைத்ததே இல்லையா என்றால், மறைத்தார்கள். யு-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் பறந்தது. கீழே பயணிகள் விமானம் ஓட்டியவர்கள் அதன் மினுக்கத்தைப் பார்த்துப் புகார் கொடுத்தார்கள். விமானப்படைக்குச் சங்கதி தெரியும். பனிப்படிகம், வெப்பநிலை மாற்றம் என்று பதில் சொன்னது. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்கள்தான் என்று சிஐஏவின் வரலாற்றுக் கட்டுரையே 1997இல் கூறியது. ரகசிய விமானத்தைக் காப்பது நியாயம். பார்த்ததைச் சொன்ன விமானியிடம் பொய் சொல்வது நியாயமில்லை. எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆகவே, ரகசியம் எது என்று முடிவு செய்பவர் கோப்பை வைத்திருப்பவராக இருக்கக் கூடாது. பறக்கும் தட்டு ஆவணங்கள் குறித்து, அமெரிக்காவின் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்க 2023இல் செனட்டர்கள் சூமரும் ரவுண்ட்ஸும் கொண்டுவந்த திருத்தம் இதற்குத்தான். கென்னடி கொலை ஆவணங்களுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து, ஒன்பது பேர் கொண்ட தனிக்குழு ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்யும் என்றது. செனட்டில் நிறைவேறியது. டிசம்பரில் இரு அவைகளும் பேசி முடித்த வடிவத்தில் அந்தக் குழுவே இல்லை. ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்ற பகுதி தங்கியது. எதை வெளியிடாமல் தள்ளிவைக்கலாம் என்பதை அந்தந்தத் துறையே பார்த்துக்கொள்ளும். பூனையிடம் பாற்சட்டியைக் கொடுத்ததுபோல.

மாடித்தோட்டம்:
ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தான். "அந்தப் பாட்டிக்குப் பட்டா கிடைத்ததா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. இரண்டாவது, பொதுமக்கள் பார்க்கக்கூடிய பழைய கோப்புகள் ஏதாவது உண்டா?

பதிவறை:
கிடைக்கவில்லை, தம்பி. அவர் வைத்திருந்த பழைய ரசீதுகளைக் கொண்டு புதிதாக மனு எழுதிக் கொடுத்தேன். அது முடியும் முன்பே எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

கோப்புகள் உண்டு. பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த, அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டம் 1969இல் மூடப்பட்டது. 12,618 புகார்கள், 701க்கு விடை இல்லை. சாட்சிகளின் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். பிரான்சில் துலூஸிலுள்ள, இத்தகைய புகார்களை விசாரிக்கும் விண்வெளி நிறுவனத்தின் 'ஜேபன்' பிரிவு தன் விசாரணைக் கோப்புகளை 2007 முதல் இணையத்திலேயே போடுகிறது. அந்த 701இல் ஏதாவது ஒன்றை எடு. வானத்தில் என்ன தெரிந்தது என்பதைப் பிறகு படிக்கலாம். விசாரித்தவர் சம்பவம் நடந்து எத்தனை நாள் கழித்துப் போனார், யாரைக் கேட்டார், யாரைக் கேட்காமல் விட்டார் என்று முதலில் குறித்துக்கொள். குறித்ததை இங்கே எழுது, சேர்ந்து பார்ப்போம்.