500 ரூபாயில் ஓலைப்பெட்டி ஏற்றுமதியா?

பழைய துறைமுகம்:
ஏற்றுமதிப் பயிற்சி நடத்துகிற ஒருவரின் யூடியூப் காணொளியை மச்சினன் அனுப்பியிருந்தான். "500 ரூபாய் போதும், உடன்குடிப் பக்கம் ஓலைப்பெட்டி முடைகிற பாட்டிகூட இடையில் யாரும் இல்லாமல் நேரடியாக அமெரிக்காவுக்கு விற்கலாம்" என்கிறார் அவர். எது அந்த 500? ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவர் எடுக்க வேண்டிய ஐ.இ.சி. எண்ணை வாங்க அரசாங்கத்துக்குக் கட்டும் கட்டணம். அதைக் கட்டிவிட்டால் கப்பல் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமா? தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் 22 வருடம் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் பத்திரம், போட்டவன் நான். 500 ரூபாய் என்பது பச்சைப் பொய். இதை நம்பி நகையை அடகு வைக்கப்போகிற பெண்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஓலைக்காரி:
எது பொய், அண்ணாச்சி? எங்கள் குழுவில் 11 பெண்கள். 2023இல் நானே போனில் விண்ணப்பித்து ஐ.இ.சி. எடுத்தேன். கட்டியது 500 ரூபாய். ரசீது பீரோவில் இருக்கிறது. ஏஜென்ட் யாரும் இல்லை. தபால் நிலையத்தில் டாக் நிர்யாத் கேந்திரா என்று ஓர் ஏற்றுமதி மையம் வைத்திருக்கிறார்கள், நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல். தபால் ஏற்றுமதிப் பில்லை ஆன்லைனிலேயே போட்டுவிட்டுப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கஸ்டம்ஸ் வேலையை அவர்களே முடித்துவிடுகிறார்கள். 22 வருடம் ஷிப்பிங் பில் போட்டவர்களுக்கு இது பிடிக்காதுதான்.

பழைய துறைமுகம்:
என் பிழைப்பு போகிறது என்று நான் பேசவில்லை. நான் ஓய்வு பெற்று 4 வருடம் ஆகிறது. நீங்கள் கட்டியது 500, சரி. அப்புறம்? பேங்க்கில் கரண்ட் அக்கவுண்ட், அந்த பேங்க்கைக் கஸ்டம்ஸில் பதிய ஏ.டி. கோட், ஜி.எஸ்.டி. எண், வருடா வருடம் எல்.யு.டி. என்கிற உறுதிமொழிப் பத்திரம். இதெல்லாம் யார் செய்தார்கள்?

கணக்கன்:
நான் ஜி.எஸ்.டி. வேலை பார்ப்பவன், ஒரு திருத்தம். எல்.யு.டி.க்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆர்.எஃப்.டி.-11 படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டும் ஆன்லைனில் போட்டால் போதும், வரி கட்டாமலே அனுப்பலாம். ஐ.இ.சி.யையும் வருடம் ஒருமுறை ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் எண் முடங்கிவிடும். அந்த நேரத்தில் செய்தால் அதற்கும் கட்டணம் இல்லை. ஆக அரசாங்கத்துக்குப் போவது 500தான்.

ஓலைக்காரி:
கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. 500தான்.

பழைய துறைமுகம்:
கணக்கன் சார், அந்தப் படிவத்தைப் போட்டுக் கொடுக்க உங்கள் ஆபீஸில் எவ்வளவு வாங்குகிறீர்கள்? அதையும் இங்கே எழுதுங்கள்.

கணக்கன்:
அது என் தொழில். போன வருடம் கருப்பட்டி விவாதத்திலும் இப்படித்தான் ஆளைத் தாக்கினீர்கள். கருப்பட்டிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையே இல்லை என்று அடித்துப் பேசியது யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பழைய துறைமுகம்:
அன்றைக்கு நான் சொன்னது வீட்டு உபயோகத்துக்கு. அதை இன்னும் திரித்துக்கொண்டிருக்கிறீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

ஓலைப்பெட்டிக்கு எடை கிடையாது, ஆனால் இடத்தை அடைக்கும். தனியார் கூரியரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 40, 30, 30 அளவில் ஒரு பெட்டி எடுங்கள். 36,000. வகுத்தால் 7.2. அரைக் கிலோ பெட்டிக்கு 7.2 கிலோவுக்கு உண்டான பணம் கட்ட வேண்டும். பெட்டியின் விலையைப் போலப் பல மடங்கு அனுப்பும் கூலிக்கே போய்விடும். இதை அந்தக் காணொளிக்காரர் ஒரு வார்த்தை சொன்னாரா? 500, 500 என்று மட்டும் மூன்று தடவை சொன்னார். நான் எண்ணினேன்.

ஓலைக்காரி:
நாங்கள் ஒற்றைப் பெட்டி அனுப்புவதில்லை. ஐந்து அளவில் முடைந்து ஒன்றுக்குள் ஒன்று போட்டு ஒரு செட்டாக அனுப்புகிறோம். மூடி தட்டையாக அடியில் போய்விடும். இடத்தை அடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா? முடைகிறவளுக்குத் தெரியாத அளவு உங்கள் டேப்பில் இருக்கிறதா?

வியாபாரிக்குக் கொடுத்த காலத்தையும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். செட்டுக்கு 300 ரூபாய் பேசுவார். சாயம் மங்கல், வாய்ப்பட்டி கோணல் என்று கழிவு போட்டு 220 கொடுப்பார், அதுவும் மூன்று மாதம் கழித்து. அதே செட்டை வெளிநாட்டுக் கடை ஒன்றின் இணையதளத்தில் 48 டாலருக்குப் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த 500 ரூபாயைக் கட்டினேன்.

சிட்னிவாசி:
நான் வாங்குகிறவன் பக்கம். இங்கே ஆஸ்திரேலியாவில் ஓலை, நார், மரம் எதில் செய்தது வந்தாலும் கடுமையாகச் சோதிப்பார்கள். பூச்சியோ விதையோ தென்பட்டால் மருந்துப் புகை போடப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது அழித்துவிடுவார்கள். குருத்தோலை சரியாகக் காயாமல் வந்தால் பூஞ்சை பிடித்து நாறும். அக்கா இதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு கேள்வி. "நேரடியாக விற்பது" என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றுதானா? கடைக்குப் பத்துப் பெட்டி மொத்தமாக அனுப்புவதா, வீட்டுக்கு ஒரு பார்சல் அனுப்புவதா?

பழைய துறைமுகம்:
எப்படி அனுப்பினாலும் 500இல் முடியாது.

ஓலைக்காரி:
எப்படி அனுப்பினாலும் தொடங்க 500தான்.

கடவம்:
இடையில் ஒரு வார்த்தை. பெட்டி, பெட்டி என்கிறீர்கள். பெரியதாக முடைவது எங்கள் குமரி மாவட்டத்தில் கடவம். யாழ்ப்பாணத்தில் கடகம். செட்டிநாட்டில் கொட்டான், அதற்குப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். பெயரோடு விற்றால்தான் விலை கிடைக்கும். வெறும் பாஸ்கெட் என்று போட்டால் வியட்நாம் கூடையோடு போட்டி போட வேண்டியதுதான்.

ஓலைக்காரி:
எங்கள் ஊரில் பெட்டிதான். மிட்டாய்ப் பெட்டி, சோத்துப் பெட்டி, சுளகு. உங்கள் ஊர்ப் பெயரை எங்கள் பொருளுக்கு வைக்க வேண்டாம்.

கடவம்:
பனை இருக்கிற ஊரெல்லாம் உங்கள் ஊர் ஆகிவிடாது, அம்மா.

பழைய துறைமுகம்:
பெயரை அப்புறம் பார்க்கலாம். அமெரிக்காவுக்கு வருகிறேன், காணொளிக்காரர் சொன்ன நாடு அதுதானே. நம் கைவினைப் பொருள் பலவற்றுக்குக் கிடைத்துவந்த ஜி.எஸ்.பி. வரிச்சலுகையை அவர்கள் 2019 ஜூனிலேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்குத் தீர்வை இல்லாமல் இருந்தது. சின்னவர்கள் எல்லோரும் அந்த ஒரு சந்து வழியாகத்தான் போனார்கள். 2025 ஆகஸ்ட் 29 முதல் அதையும் அடைத்துவிட்டார்கள். அதற்கு நான்கு நாள் முன்பே நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பொருள் வாங்குவதை நிறுத்தியது. அக்டோபர் 15இல் திரும்பத் தொடங்கியபோது மதிப்பில் 50 சதவீதம் தீர்வையை இங்கேயே முன்பணமாகக் கட்டு என்றார்கள். தங்கச்சி, அந்த ஏழு வாரம் உங்கள் டாக் நிர்யாத் கேந்திராவில் என்ன செய்தீர்கள்?

ஓலைக்காரி:
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 14 செட் வீட்டில் தேங்கியது. மறைக்கவில்லை. ஆனால் அந்த 50 சதவீதம் பெரிய கம்பெனிகளையும்தானே அடித்தது? திருப்பூரிலும் கரூரிலும் ஆர்டர் நின்றதே, அவர்கள் எல்லோரும் ஏஜென்ட் வைத்தவர்கள்தானே? தீர்வை போட்டவன் வாஷிங்டனில் இருக்கிறான், 500 ரூபாய் கட்டிய என்மேல் பாய்கிறீர்கள்.

பழைய துறைமுகம்:
பெரியவனுக்கு ஓர் ஆர்டர் போனால் இன்னொன்று இருக்கும். ஏற்றுமதிக் கடன் உத்தரவாதத்துக்கு 1957இலிருந்து இ.சி.ஜி.சி. இருக்கிறது. வாங்கினவன் பணம் தராவிட்டால் அவனுக்கு ஒரு பிடி உண்டு. உங்களுக்கு? அந்த 14 செட்டுக்கு ஓலை வெட்டின கூலியையும் முடைந்த கூலியையும் யார் கொடுத்தது? நீங்கள்தான் கைக்காசு போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். சின்னவர்கள் வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று எங்கே சொன்னேன்? தைரியம் சொல்கிறவன் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவைச் சொல்லவே இல்லை. 2024 டிசம்பர் 13 முதல் அங்கே பொதுப் பொருள் பாதுகாப்பு விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவர் பெயரும் முகவரியும் பொருளோடு இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் சும்மா கையெழுத்துப் போடுவாரா? ஜெர்மனிக்கு அனுப்பினால் அட்டைப்பெட்டிக்கே தனிப் பதிவு. எட்ஸி என்கிற இணையச் சந்தையில் போட்டால் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், பணம் வாங்கித் தருவதற்குத் தனியாக. கூட்டிப் பாருங்கள். 500 எங்கே நிற்கிறது?

டொராண்டோ தம்பி:
இரண்டுக்கும் நடுவில் வழி உண்டு. 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண், போர்ட்டோ ரிக்கோவில் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளை வாங்கிவந்து தன் காரில் வைத்து விற்றார். அதுதான் பின்னாளில் டென் தௌசண்ட் வில்லேஜஸ் என்ற கைவினைப் பொருள் விற்கும் அமைப்பாக வளர்ந்தது. செய்கிறவருக்கு முன்பணம் கொடுத்து, வாங்கும் வேலையைத் தாங்களே சுமந்தார்கள். பத்துக் குழு சேர்ந்து அப்படி ஒன்றை வைத்தால் கூரியர் செலவும் பொறுப்பாளர் செலவும் பங்காகிவிடுமே?

பழைய துறைமுகம்:
தம்பி, அந்த அம்மாவும் 500 ரூபாயில் தொடங்கவில்லை.

ஓலைக்காரி:
கூட்டாகச் சேர்ந்தால் தலைவர் யார், கையெழுத்து யார் என்று ஆண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் தம்பி. பார்த்தாயிற்று. எங்கள் ஐ.இ.சி. எங்கள் பெயரில் இருக்கட்டும்.

கணக்கன்:
குழுவின் பெயரில் என்றால் குழுவின் பான் கார்டில் எடுத்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் எடுத்திருந்தால் வரவு முழுக்க உங்கள் வருமானமாகக் காட்டும். எதில் எடுத்தீர்கள்?

ஓலைக்காரி:
அது எங்கள் குழு பேசிக்கொள்ளும். உங்களிடம் கணக்கு கேட்கவில்லை.

பழைய துறைமுகம்:
பார்த்தீர்களா, நல்ல கேள்வி கேட்டால் கோபம் வருகிறது. முதல் வருடம் கணக்கு கூட்டியபோது கையில் எவ்வளவு நின்றது? அந்த எண்ணை மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஓலைக்காரி:
செட்டுக்கு 220 நின்ற கையில் இப்போது 600க்கு மேல் நிற்கிறது. கூலி, தபால், பேங்க் பிடித்தம் எல்லாம் போக. அமெரிக்கா நின்றதும் கனடாவுக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பினோம். நாளை காலை பீரோவைத் திறந்து ஐ.இ.சி. ரசீதைப் படம் எடுத்துப் போடுகிறேன். அதில் 500 என்றுதான் இருக்கும்.

பழைய துறைமுகம்:
போடுங்கள். பக்கத்திலேயே தேங்கிய 14 செட்டின் கணக்கையும் போடுங்கள்.