ரிக்கார்டோவின் துணியும் ஒயினும்: போர்ச்சுகலுக்கு என்ன ஆதாயம்?

கேள்வி:
ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட நூலில், குறிப்பிட்ட அளவு துணியை உற்பத்தி செய்ய இங்கிலாந்துக்கு 100 பேரின் ஓராண்டு உழைப்பும், ஒயினுக்கு 120 பேரின் உழைப்பும் தேவை என்கிறார். போர்ச்சுகலுக்கோ ஒயினுக்கு 80 பேரும் துணிக்கு 90 பேருமே போதும். இரண்டையும் குறைந்த உழைப்பில் செய்துகொள்ளக்கூடிய நாடு, தன்னைவிடத் திறன் குறைந்த நாட்டிடம் துணி வாங்குவானேன்? தேர்வுக்குப் படித்தபோது விளங்கியதுபோல் இருந்தது. இப்போது யோசித்தால் பிடிபடவில்லை.

மறுமொழி 1:
இங்கிலாந்தின் 100-ஐப் போர்ச்சுகலின் 90-உடன் ஒப்பிடுவதால் வரும் குழப்பம் இது. போர்ச்சுகல் ஒப்பிட வேண்டியது தன் 90-ஐத் தன் 80-உடன்தான். 80 பேர் உழைத்த ஒயினைக் கொடுத்து, தானே நெய்திருந்தால் 90 பேர் தேவைப்பட்டிருக்கும் துணியை அது பெறுகிறது. 10 பேரின் உழைப்பு மிச்சம். இங்கிலாந்துக்கு மிச்சம் 20 பேர். ஆதாயம் இப்படிப் பிரிவது, ரிக்கார்டோ ஓர் அளவு துணிக்கு ஓர் அளவு ஒயின் என்ற பரிமாற்ற விகிதத்தை எடுத்துக்கொண்டதால்தான். அந்த விகிதத்தை இரு நாடுகளின் தேவைகளே நிர்ணயிக்கின்றன என்பதைப் பின்னாளில் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் விளக்கினார்.

மறுமொழி 2:
கணக்கு சரி, ஆனால் அதைத் தாங்கி நிற்கும் அனுமானத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள் 100 ஆங்கிலேயரின் உழைப்பு 80 ஆங்கிலேயரின் உழைப்புக்கு ஈடாக மாறாது என்று ரிக்கார்டோவே எழுதுகிறார். யார்க்‌ஷயரில் இலாபம் கூடினால் லண்டனில் உள்ள மூலதனம் உடனே அங்கே போய்விடும். நாட்டு எல்லையைத் தாண்டி அவ்வாறு போவதில்லை. தாராளமாகப் போகுமானால், துணி, ஒயின் இரண்டையும் போர்ச்சுகலிலேயே உற்பத்தி செய்வதுதான் இங்கிலாந்தின் முதலாளிகளுக்கும் இரு நாட்டு நுகர்வோருக்கும் நல்லது என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். பிறந்த நாட்டை விட்டு மூலதனத்தை வெளியே அனுப்பத் தயங்கும் மனநிலை தளர்ந்தால் தமக்கு வருத்தமே என்று அதே இடத்தில் அவர் சொல்வதை, அவரைத் தடையற்ற வணிகத்தின் சாட்சியாக அழைப்பவர்கள் ஏனோ எடுத்துக்காட்டுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. போர்ச்சுகலை அவர் தேர்ந்தெடுத்ததற்குத் தனிக் காரணம் உண்டா?

மறுமொழி 3:
காரணத்தை அவர் சொல்லவில்லை. ஆனால் துணியும் ஒயினும் அவருடைய வாசகர்களுக்கு நன்கு பழகிய வணிகம். 1703-இன் மெத்துவென் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயக் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகல் இடமளித்தது. பதிலுக்குப் போர்ச்சுகீசிய ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான தீர்வையை இங்கிலாந்து விதித்தது. ஆகவே எடுத்துக்காட்டில் இயல்பான வேலைப் பிரிவினையாகத் தோன்றுவதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தீர்வைச் சலுகை இருக்கிறது. ரிக்கார்டோவின் உண்மையான இலக்கு ஒயின் அன்று, கோதுமை. உள்நாட்டு விலை குவார்ட்டர் என்ற தானிய அளவுக்கு 80 ஷில்லிங்கை எட்டாதவரை அயல்நாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடாத 1815-ஆம் ஆண்டுத் தானியச் சட்டம், கூலியை உயர்த்தி இலாபத்தை அரித்து, நிலவுடைமையாளரின் குத்தகை வருவாயை மட்டும் வளர்க்கிறது என்பது அவர் வாதம். பங்குச் சந்தையில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு அவரே பெரும் நிலவுடைமையாளர் ஆகிவிட்ட பிறகு எழுதியது இது.