கீழத்தஞ்சையில் பண்ணையாள் முறையை (நிலவுடைமையாளரின் பண்ணையில் கட்டுண்டு உழைக்கும் முறை) ஒழித்தது சட்டமா, சங்கமா?

வெண்ணாறு:
எல்லாம் செங்கொடி, அதாவது கம்யூனிஸ்டுகளின் விவசாயச் சங்கம், சாதித்தது என்பதே இங்கே வழக்கமான பேச்சு. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது ராஜாஜி அரசு. கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று சொன்ன மனிதர் அவர். பண்ணையாளை இஷ்டத்துக்கு விரட்டக் கூடாது என்று அவர்தானே ஆக்கினார்?

களத்துமேடு:
ராஜாஜிக்குக் கனவில் வந்த யோசனையா அது? தென்கன்னடத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1940-களிலேயே சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டிவிட்டார். சவுக்கடிக்கும், சாணிப்பால் (சாணி கரைத்த நீர்) குடிக்க வைக்கும் தண்டனைக்கும் எதிராக ஆட்கள் திரண்டது அப்போதுதான். சட்டம் வந்ததே அந்தக் கொந்தளிப்பை அடக்கத்தான்.

வெண்ணாறு:
எதற்காக வந்தால் என்ன, வந்ததா இல்லையா? குத்தகைதாரருக்கு விளைச்சலில் 5-இல் 2 பங்கு உறுதியானது. 1956-இல் அதுவே 60 சதவீதம் ஆனது.

களத்துமேடு:
காகிதத்தில். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது சுமார் 6.66 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவரைத்தான் 1952 சட்டம் கட்டுப்படுத்தியது. மிராசுதார்கள் நிலத்தைப் பிரித்து எழுதிவிட்டு, பண்ணையாளைக் கணக்குத் தீர்த்துத் தினக்கூலி ஆக்கினார்கள். பேர்தான் மாறியது.

நாத்தாங்கால்:
ரெண்டு பேரும் குத்தகை, கூலின்னே பேசுறீங்க. எங்கம்மா நடவுக்குப் போனவங்க. அவங்க பயந்தது மனைக்கட்டுக்குத்தான். குடிசை இருந்தது பண்ணையார் இடத்துல. கூலி கூடக் கேட்டா மறுநாள் கூரையைப் பிரிச்சுப் போடுவாங்க. எதிர்த்துப் பேசணும்னா முதல்ல கால் ஊன இடம் வேணும்ல? 1971 குடியிருப்புச் சட்டத்துல அந்த மனை குடியிருந்தவங்களுக்கே சொந்தமாச்சு. அப்புறம்தான் அம்மா மாதிரி ஆளுங்க தலை நிமிர்ந்து கூலி கேட்டாங்க. எங்க வீட்ல 1952 பத்தி யாரும் பேசிக் கேட்டதில்ல. மனைப்பட்டாவை மட்டும் டிரங்குப்பெட்டியில பூட்டி வச்சிருந்தாங்க.

வெண்ணாறு:
அதுவும் சட்டம்தானே, அக்கா!

களத்துமேடு:
1971-க்கு முன்னால் 1968 டிசம்பர் 25 இருக்கிறது. கூலி உயர்வும் சங்கமும் கேட்டதற்காகக் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். மறு வருடம்தான் நியாயக் கூலிச் சட்டம். வழக்கிலோ 1973-இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. இந்தச் சட்டத்தையா நம்பச் சொல்கிறீர்கள்?

திருப்பூர் பஸ்:
இப்ப நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்தாச்சு. எங்க தெருப் பசங்க திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க. பண்ணையாரை நம்பாம சோறு கிடைச்சதும் முறையும் போச்சு. சட்டம், சங்கம் ரெண்டுக்கும் மார்க் போட மாட்டேன்.

நாத்தாங்கால்:
தம்பி, பஸ் ஏறிப் போறதுக்கும் பண்ணையார்கிட்ட கேட்காம கிளம்புற நிலைமை வேணும். கடனுக்குப் பண்ணையில கட்டிக் கிடந்த ஆளு எந்த பஸ்ல ஏறுவான்?

வெண்ணாறு:
1970-இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைந்தது. அதைப் பற்றி யாருமே பேசவில்லையே.

களத்துமேடு:
பேசுவோம். உறவுக்காரர் பேரிலும் அறக்கட்டளை பேரிலும் எழுதித் தப்பித்த நிலத்திலிருந்தே தொடங்கலாம். உங்கள் ஊரில் எத்தனை வேலி அப்படிப் போனது, சொல்லுங்கள்.